கவுண்டருக்கு வந்த கணினி
இந்தியத் தகவல் அமைப்புகளின் வரலாறு – 11

புது தில்லியில் 1985ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ரயில் முன்பதிவுக்குக் கணினி சோதனை முறையில் பயன்பாட்டுக்கு வந்தது. அடுத்த ஆண்டில் தலைநகரின் முன்பதிவு வேலை படிப்படியாக அதற்குள் போய்ச் சேர்ந்தது. அரசுத் துறைகளில் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கணினிகள் இருந்தன. ஆனால் அவை பொதுமக்களின் கண்ணில் படாத அறைகளில் இருந்தன. சாதாரணப் பயணி ஒருவர் நேரில் வந்து கேட்டு, அந்தக் கணமே கணினியிடமிருந்து பதில் வாங்கிக்கொண்டு போகும் பெரிய ஏற்பாடு நாட்டுக்கு இதன் மூலம்தான் அறிமுகமாயிற்று.

ஒரு தகவல் அமைப்பை எப்படித் திட்டமிடுவது, எங்கிருந்து கட்டத் தொடங்குவது, எதை அலகாகக் கொள்வது ஆகிய கேள்விகளுக்கு இந்தியாவில் நடைமுறையிலேயே கிடைத்த தெளிவான விடைகளில் ஒன்று தில்லி முன்பதிவு. மிகச் சரியாக எடுக்கப்பட்ட முடிவுகள் அதில் உண்டு. பிற்காலத்தில் பல ஆண்டு வேலை வைத்த ஒரு முடிவும் உண்டு.

பேரேடும் வரிசையும்

ரயில்வேக்குக் கணினி புதிதல்ல. 1960களிலேயே மண்டல ரயில்வேக்களும் ரயில்வேயின் உற்பத்திச் சாலைகளும் ஐபிஎம் 1401 வகைக் கணினிகளை வைத்திருந்தன. சம்பளப் பட்டியல், கிடங்குக் கணக்கு, சரக்குப் போக்குவரத்துப் புள்ளிவிவரம் முதலியவை அவற்றில் ஓடின. துளையிட்ட அட்டைகளில் சேர்ந்த விவரங்கள் மொத்தமாகக் கணினிக்குள் போகும். அச்சடித்த தாள்கள் வெளியே வரும். கையால் நடந்துவந்த ஒரு வேலையை எடுத்து, நடைமுறையை அதிகம் மாற்றாமல் இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். ஒரு பிரிவின் வேலைக்கும் அடுத்த பிரிவின் வேலைக்கும் என்ன தொடர்பு என்று பார்க்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை.

முன்பதிவு அந்த வகை வேலை இல்லை. கேட்பவர் எதிரே நிற்கிறார். பதில் அப்போதே வேண்டும். ஒருவருக்குச் சொன்ன பதில் அடுத்தவருக்குக் கிடைக்கப்போகும் பதிலை மாற்றிவிடுகிறது.

கணினிக்கு முன் இந்த வேலை பேரேட்டில் நடந்தது. இன்ன ரயில், இன்ன தேதி, இன்ன பெட்டி என்று கோடு போட்ட பக்கங்கள். படுக்கை எண்ணுக்கு நேரே பயணியின் விவரங்களை எழுத்தர் எழுதுவார். இந்தப் பேரேடு ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். இரண்டு பிரதிகள் இருந்தால் ஒரே படுக்கை இரண்டு பேருக்குப் போய்விடும். ஆகவே பேரேடு எந்தக் கவுண்டரில் இருக்கிறதோ அந்தக் கவுண்டரில்தான் அந்த ரயிலுக்கு டிக்கெட். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் தில்லித் தமிழர் குடும்பம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு ஒரு வரிசையில் நின்று, இடமில்லை என்ற பதிலைக் கேட்டுவிட்டு, ஜி.டி. எக்ஸ்பிரஸுக்காக வேறொரு வரிசையின் வாலில் போய் மறுபடி நிற்க வேண்டும். ஒரு கவுண்டரில் கூட்டம் நெருக்கியடிக்கும்போது வேறொரு கவுண்டரில் எழுத்தர் வேலையின்றி உட்கார்ந்திருக்கலாம். உதவ அவருக்கு மனமிருந்தாலும் கையில் அந்தப் பேரேடு இல்லை.

ஊரிலிருந்து திரும்பி வரும் பயணத்துக்கோ, நடுவழி நிலையம் ஒன்றிலிருந்து ஏறுவதற்கோ இடம் வேண்டுமென்றால் தந்தி போக வேண்டும். அங்கே உள்ளவர் தம் பேரேட்டைப் பார்த்துப் பதில் அனுப்ப வேண்டும். பதில் வராத தந்திகள் ஏராளம். இடம் இருக்கிறதா இல்லையா என்பது பேரேட்டின் முன் உட்கார்ந்தவருக்கு மட்டும் தெரிந்த செய்தியாக இருந்ததால், அந்தச் செய்திக்கு வெளியே ஒரு விலை உருவாயிற்று. தரகர்கள் பிழைத்தது அதை வைத்துத்தான்.

வரிசைகள் நீண்டதற்கு மக்கள்தொகையையும் ரயில் பற்றாக்குறையையும் காரணமாகச் சொல்வது வழக்கம். இரண்டும் உண்மை. மூன்றாவது காரணம் தகவல் வைக்கப்பட்டிருந்த விதம். பேரேடு ஒன்றாக இருந்ததுதான் கவுண்டரை ரயிலோடு கட்டிப்போட்டது. இதைப் புரிந்துகொண்டால்தான் கணினி எதை மாற்ற வேண்டும் என்பது விளங்கும். கையெழுத்துக்குப் பதிலாக அச்செழுத்து வருவதால் மட்டும் ஒரு வரிசையும் குறையாது. எந்தக் கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் கிடைக்கும்படி தகவலை ஓரிடத்தில் வைத்துப் பல கைகளுக்கு ஒரே நேரத்தில் திறந்துவிட வேண்டும்.

முறையியல்கள் உருவான காலம்

தில்லியில் இந்தப் பிரச்சினை பழுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மென்பொருளை எப்படிக் கட்டுவது என்ற கேள்வி மேலை நாடுகளில் ஒரு துறையாகவே வளர்ந்தது. 1970ல் அமெரிக்கப் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். தேவைகளைத் திரட்டுதல், பகுப்பாய்வு, வடிவமைப்பு, நிரல் எழுதுதல், சோதனை, இயக்கம் என்ற படிகள் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரையப்பட்டிருந்தன. பின்னாளில் அருவி முறை என்று பெயர்பெற்றது இதுதான். ஒரே மூச்சில் மேலிருந்து கீழே இறங்கிவிட முடியாது, முதலில் ஒரு முன்மாதிரி செய்து பார்த்துத் திரும்ப வர வேண்டும் என்று அதே கட்டுரையில் ராய்ஸ் எச்சரித்திருந்தார். படம் பரவிய அளவுக்கு எச்சரிக்கை பரவவில்லை. அரசு ஒப்பந்தங்கள் பல காலம் அந்தப் படத்தையே சட்டமாக எடுத்துக்கொண்டன.

1970களின் பிற்பகுதியில் கட்டமைப்புப் பகுப்பாய்வு வந்தது. கிறிஸ் கேன், ட்ரிஷ் சார்சன், டாம் டிமார்கோ, எட்வர்ட் யோர்டன் ஆகியோர் இதன் முன்னோடிகள். ஓர் அலுவலகத்தில் தகவல் எங்கே பிறக்கிறது, எந்தக் கைகளைக் கடக்கிறது, எங்கே சேமிக்கப்படுகிறது என்பதை வட்டங்களும் அம்புகளுமாக வரைந்து, நிரல் எழுதுவதற்கு முன்பே அலுவலக ஊழியரிடம் காட்டிச் சரிபார்ப்பது அவர்கள் முறை. ஐபிஎம் நிறுவனம் வளர்த்த தொழில் அமைப்புத் திட்டமிடல் இன்னும் மேலே போனது. நிறுவனம் முழுவதும் நடக்கும் செயல்களை ஒரு பக்கமும், அவற்றுக்கு வேண்டிய தரவு வகைகளை மறுபக்கமும் எழுதிக் கட்டம் போட்டு, எந்தச் செயல் எந்தத் தரவை உருவாக்குகிறது, எது பயன்படுத்துகிறது என்று குறிப்பார்கள். எந்த அமைப்பை முதலில் கட்டுவது என்பது அந்தக் கட்டத்திலிருந்து தெரியவரும். 1981ல் ஜேம்ஸ் மார்ட்டினும் கிளைவ் ஃபிங்கல்ஸ்டைனும் தகவல் பொறியியல் என்ற பெயரில் தரவை முதலில் வைக்கும் அணுகுமுறையை முன்வைத்தார்கள். வேலைமுறைகள் அடிக்கடி மாறும், தரவின் அமைப்பு அவ்வளவு மாறாது என்பது அதன் அடிப்படை. அதே காலத்தில் பிரிட்டிஷ் அரசு எஸ்எஸ்ஏடிஎம் என்ற முறையை உருவாக்கி, 1983 முதல் தன் திட்டங்களுக்குக் கட்டாயமாக்கியது.

இந்தச் சிந்தனைகளை இந்திய வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் வி. ராஜாராமன். 1933ல் ஈரோட்டில் பிறந்து, புது தில்லியில் தமிழர்கள் நடத்திய பள்ளியிலும் பின்னர் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியிலும் படித்தவர். கான்பூர் ஐஐடியில் 1965ல் தொடங்கிய கணினி அறிவியல் கல்விக்கு அடித்தளமிட்டவர். 1980களின் தொடக்கத்தில் கணினி மனிதவளம் பற்றி ஆராய்ந்த குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். எம்சிஏ பட்டப்படிப்பு அந்தக் குழுவின் பரிந்துரையால் வந்தது. நிரல் எழுதத் தெரிந்தவர் மட்டும் போதாது, ஒரு நிறுவனத்தின் வேலையைப் படித்துப் புரிந்துகொண்டு அமைப்பாக வரையத் தெரிந்தவரும் வேண்டும் என்ற கருத்து அந்தப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. தகவல் அமைப்புகளின் பகுப்பாய்வு, வடிவமைப்பு பற்றி அவர் எழுதிய பாடநூலும் பரவலாகப் படிக்கப்பட்டது.

ஐபிஎம் போன பிறகு

1978ல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுச்சென்ற கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு 1975ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான சிஎம்சியிடம் வந்தது. பல நிறுவனங்களின் கணினிகளையும் திறந்து பார்த்துப் பழுது நீக்க வேண்டியிருந்ததால், ஒரே தயாரிப்பாளரைச் சாராத திறன் அங்கே வளர்ந்தது. தில்லி முன்பதிவுத் திட்டத்தை நிறைவேற்றும் பணி சிஎம்சிக்குக் கிடைத்தது.

சூழலும் மாறியிருந்தது. 1982ல் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் விவரங்களை, 1976ல் அமைந்த தேசியத் தகவலியல் மையம் கணினியில் கையாண்டது. பெரிய அளவில், குறித்த நாளில், தவறாமல் செய்து காட்ட முடியும் என்ற நம்பிக்கை அதனால் வந்தது. 1984 நவம்பரில் வெளியான புதிய கணினிக் கொள்கை இறக்குமதியை எளிதாக்கியது. ராஜீவ் காந்தி பிரதமர். ரயில்வே இணையமைச்சராக இருந்த மாதவராவ் சிந்தியா கணினிமயத்தை முன்னின்று தள்ளினார்.

எதிர்ப்பும் இருந்தது. 1960களில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்கு வந்த கணினியை ஊழியர் சங்கங்கள் எதிர்த்து நிறுத்திய நினைவு மறையவில்லை. கணினி வந்தால் வேலை போகும் என்ற அச்சம் அன்றைய இந்தியாவில் நியாயமான அச்சம்தான். ஒரு தகவல் அமைப்புத் திட்டத்தில் ஊழியருடன் பேசுவதையும் பயிற்சி கொடுப்பதையும் கடைசிக் கட்ட வேலையாக வைத்தால் அது தோற்கும். கவுண்டர் எழுத்தர் ஒத்துழைக்காவிட்டால் முன்பதிவுக் கணினி ஒரு நாள்கூட ஓடாது.

ஒரு படுக்கை என்பது என்ன?

தில்லித் திட்டத்தின் உண்மையான கடினம் இயந்திரத்தில் இல்லை, விதிகளில் இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முன்பதிவு என்பது காலியிடம் இருந்தால் கொடுப்பது, இல்லாவிட்டால் மறுப்பது. உள்ளே நிலைமை வேறு.

ஒரு படுக்கை ஒரு பயணத்தில் ஒருவருக்குத்தான் என்று கிடையாது. தில்லியிலிருந்து போபால் வரை ஒருவருக்கும், போபாலிலிருந்து சென்னை வரை இன்னொருவருக்கும் அதே படுக்கையைக் கொடுக்கலாம். எனவே விற்கப்படும் பொருள் படுக்கை மட்டுமல்ல. இன்ன தேதியில் புறப்படும் இன்ன ரயிலில் இன்ன நிலையத்திலிருந்து இன்ன நிலையம் வரை உள்ள படுக்கை. அடுத்து ஒதுக்கீடுகள். பொது, பெண்கள், பாதுகாப்புப் படையினர், வெளிநாட்டுப் பயணிகள், அவசரத் தேவை, வழியிலுள்ள நிலையங்கள் என்று முப்பதுக்கும் மேற்பட்ட கோட்டாக்கள். ஒரு கோட்டாவில் மிச்சமான இடம் எப்போது, எந்த வரிசையில் அடுத்ததற்குப் போக வேண்டும் என்பதற்கு விதிகள். மாணவர், நோயாளி, மாற்றுத்திறனாளி எனக் கட்டணச் சலுகைகள் எண்பதுக்கும் மேல். ரயிலின் வகைக்கும் பெட்டியின் வகைக்கும் வகுப்புக்கும் தக்கபடி இவை மாறும். இடமில்லாதவருக்குக் காத்திருப்போர் பட்டியல். அதற்கும் உறுதியான படுக்கைக்கும் நடுவே, உட்கார இடம் மட்டும் உறுதி தரும் ஆர்ஏசி. ஒருவர் ரத்து செய்தால் பின்னாலுள்ளவர்கள் ஒவ்வொருவராக மேலே வர வேண்டும்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து கட்டி 1964ல் முழுமையாக இயங்கத் தொடங்கிய சேபர் முறை விமான முன்பதிவுக்கு உலக முன்மாதிரியாக இருந்தது. ஆனால் அன்றைய விமான முன்பதிவு அடிப்படையில் எண்ணிக்கையை விற்றது. இந்த வகுப்பில் இத்தனை இடம், அதில் இத்தனை போயிற்று என்ற கணக்கு போதும்; எந்த இருக்கை என்பது பிறகு முடிவாகும். இந்திய ரயில்வேயோ பல வாரங்களுக்கு முன்பே பெட்டி எண், படுக்கை எண்ணைக் கையில் கொடுத்தது. வெளிநாட்டு மென்பொருளை வாங்கிப் பெயர் மாற்றி ஓட்ட முடியாமல் போனதற்கு இதுவே காரணம். விதிகளைப் புதிதாகப் படித்து, புதிதாக வரைய வேண்டியிருந்தது.

இந்த விதிகள் எல்லாம் சுற்றறிக்கைகளிலும் கையேடுகளிலும் இருந்தன. ஆனால் சுற்றறிக்கை சொல்லாமல் விட்ட இடங்களை நிரப்பியது எழுத்தர்களின் அனுபவம். இரண்டு விதிகள் மோதும்போது எது மேலே என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பகுப்பாய்வாளரின் முதல் வேலை அந்த அனுபவத்தைக் கேட்டு வாங்கி எழுத்தில் கொண்டுவருவது. அலுவலகச் செயல்முறையை வரைந்து ஊழியரிடமே காட்டிச் சரிபார்க்கும் முறைகளின் பயன் இந்த இடத்தில்தான் தெரிகிறது. எழுத்தர் மனத்தில் இருக்கும்வரை விதி சலுகையாக வளையும். கணினிக்குச் சொல்ல வேண்டுமென்றால் அதை ஐயத்துக்கிடமின்றி வகுத்தாக வேண்டும். முன்பதிவில் தரகர்களின் பிடி தளர்ந்ததற்குக் கணினியின் வேகத்தை விட இந்த வகுத்தெழுதும் வேலைதான் பெரிய காரணம்.

இன்னொரு சிக்கல் ஒரே நேரத்தில் வரும் கோரிக்கைகள். கடைசிப் படுக்கையை ஐந்தாம் கவுண்டரும் பதினைந்தாம் கவுண்டரும் ஒரே நொடியில் கேட்டால் ஒருவருக்கு மட்டுமே அது போக வேண்டும். பேரேடு இருந்தபோது இந்தக் கேள்வியே எழவில்லை, ஏனென்றால் பேரேடு ஒருவர் கையில்தான் இருந்தது. கணினியில் அந்தப் பதிவைச் சில கணங்கள் பூட்டி, ஒரு கோரிக்கை முடிந்த பிறகே அடுத்ததைத் தொட விட வேண்டும். படுக்கை ஒதுக்கி, கட்டணம் கணக்கிட்டு, டிக்கெட் அச்சாவதற்குள் மின்சாரம் போய்விட்டால் பாதியில் நின்ற வேலை முழுதாக நடந்ததாகவோ, நடக்கவே இல்லையென்றோ தீர வேண்டும். நடுநிலை கூடாது. தில்லியின் கோடைக்கால மின்வெட்டுகளை அறிந்தவர்களுக்கு இது வெறும் பாடநூல் கவலையாகத் தோன்றாது.

இவ்வாறு உருவான மென்பொருளுக்கு இம்ப்ரெஸ் என்று பெயர். பல ரயில்களையும் ஒருங்கே கையாளும் பயணி முன்பதிவு முறை என்பது அதன் விரிவு. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில் அது ஓடியது.

சில ரயில்களில் தொடங்கி

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றும் ஆசையைத் திட்டமிட்டவர்கள் தவிர்த்தார்கள். சில ரயில்களோடு தொடங்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். முன்பதிவுக்கு இந்த வழி மிகவும் பொருந்தும். ஒரு ரயிலின் கணக்கு இன்னொரு ரயிலின் கணக்கோடு கலப்பதில்லை. ஒன்றில் பிழை வந்தாலும் மற்றவை பழைய பேரேட்டில் தடையின்றி நடக்கும். ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு ரயிலைக் கணினிக்கு மாற்றும் நாளில், வரப்போகும் தேதிகளுக்குப் பேரேட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டவை அத்தனையும் கணினிக்குள் இருக்க வேண்டும். ஒரு பெயர் விடுபட்டாலும் நடைமேடையில் இருவர் ஒரே படுக்கை எண்ணோடு நிற்பார்கள். பழைய தரவைப் புதிய அமைப்புக்குக் கொண்டுபோகும் இந்த வேலைக்கு முறையியல் நூல்கள் சில பக்கங்களே ஒதுக்குகின்றன. நடைமுறையில் திட்டத்தின் பெயரைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் இதுதான்.

புது தில்லி நிலையத்தை அடுத்த ஐஆர்சிஏ கட்டட முன்பதிவு மையத்தை அந்த ஆண்டுகளில் பயன்படுத்தியவர்களுக்கு மாற்றம் உடனே தெரிந்தது. கேட்ட ரயிலில் இடமில்லையென்றால் வேறு ரயிலை அதே கவுண்டரில் கேட்கலாம். காத்திருப்போர் பட்டியலில் தம் இடம் எது என்று பயணிக்கு எண்ணாகத் தெரிந்தது. கையால் எழுதிய சார்ட்டுக்குப் பதில் அச்சடித்த சார்ட் பெட்டிகளில் ஒட்டப்பட்டது. 1980களின் முடிவுக்குள் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களுக்கும் இம்ப்ரெஸ் சென்றது.

நகரம் என்ற அலகு

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஐந்து நகரங்களில் ஐந்து மையங்கள், ஐந்து தரவுத்தளங்கள். தில்லியிலிருந்து புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் படுக்கைகள் தில்லிக் கணினியில் இருந்தன. சென்னையிலிருந்து திரும்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் படுக்கைகள் சென்னைக் கணினியில். இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று அறியா. ஊருக்குப் போக எந்தக் கவுண்டரிலும் டிக்கெட் வாங்க முடிந்த பயணிக்கு, திரும்பி வரும் டிக்கெட்டில் பழைய கதைதான். நகரத்துக்குள் பேரேடு ஒழிந்தது. நாட்டளவில் ஐந்து பெரிய மின்னணுப் பேரேடுகள் முளைத்தன.

இதைத் திட்டமிட்டவர்களின் குறை என்று மட்டும் சொல்வது முறையாகாது. 1985ல் தில்லிக்கும் சென்னைக்கும் இடையே இரவு பகலாக நம்பக்கூடிய தரவு இணைப்பு கிடைப்பது அரிது. அத்தகைய இணைப்பு வரும்வரை காத்திருந்தால் தில்லியின் வரிசைகள் மேலும் சில ஆண்டுகள் அப்படியே இருந்திருக்கும். ஆயினும் இணைப்பு இல்லாததால் தனித்தனியாக இயக்குவது வேறு. ஒரு நாள் இணைப்போம் என்று கருதித் தரவை வடிவமைத்துவிட்டுத் தனித்தனியாக இயக்குவது வேறு. நாடு முழுவதையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் திட்டமிடல் முன்கூட்டியே நடந்திருந்தால் பின்னால் வந்த உழைப்பில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும்.

தில்லியிலேயே, அதே பத்தாண்டில், நேர்மாறான திட்டமிடல் ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. தேசியத் தகவலியல் மையத்தை உருவாக்கிய என். சேஷகிரி, மத்திய அரசு, மாநிலத் தலைநகர், மாவட்டம் என்ற அடுக்குகளை முதலிலேயே வரைந்துகொண்டு, செயற்கைக்கோள் வழியே அவற்றை இணைக்கும் நிக்நெட் வலையைக் கட்டினார். அங்கே வலை முந்தி வந்தது, மாவட்ட அலுவலகங்கள் அதில் ஓட்டவேண்டிய வேலைகள் பிந்தி வந்தன. ரயில்வேயில் வேலை முந்தியது, வலை பிந்தியது. பயணிக்கு உடனே பலன் தந்தது இரண்டாவது வழிதான்.

சரக்குப் போக்குவரத்தின் வேறு பாதை

1986 ஜூலையில் ரயில்வே அமைச்சகம் கிரிஸ் என்ற ரயில்வே தகவல் அமைப்பு மையத்தைத் தன்னாட்சி அமைப்பாக நிறுவியது. புது தில்லி சாணக்கியபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகத்தை ஒட்டி அதன் அலுவலகம் இருக்கிறது. சரக்குப் போக்குவரத்துத் தகவல் அமைப்பை உருவாக்குவதே அதன் முதல் பொறுப்பு.

முன்பதிவில் சிறிதாகத் தொடங்கிய ரயில்வே, சரக்கில் பெரிதாகத் தொடங்கியது. ரயில்வே முழுமைக்குமான ஒரே பெருந்திட்டம். கனடாவிலிருந்து பெற்ற மென்பொருள். வட அமெரிக்காவில் சரக்கு ரயில் என்பது பல வாடிக்கையாளர்களின் வேகன்கள் சேர்ந்த தொடர். வழியில் யார்டுகளில் பிரித்துக் கோக்கப்படும். அங்கே ஒவ்வொரு வேகனையும் தேடிக் கண்டுபிடிப்பதுதான் தகவல் அமைப்பின் முக்கிய வேலை. இந்தியாவிலோ 1980களில் நிலக்கரி, இரும்புத்தாது, சிமென்ட், உணவு தானியம் ஆகியவை முழு ரயிலாக ஓரிடத்தில் ஏற்றப்பட்டு, முழு ரயிலாகவே சேருமிடம் போகும் நடைமுறை வலுப்பெற்றிருந்தது. பின்தொடர வேண்டியது வேகனை விட, ரேக் எனப்படும் முழுத் தொடரை. திட்டம் நீண்ட காலம் இழுத்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரேக் மேலாண்மை முறை என்ற பகுதியை முதலில் பரப்பி, சரக்கேற்றும் இடங்களின் வேலையைப் பின்னர் சேர்த்தபோதுதான் அது நாடெங்கும் பயனளிக்கத் தொடங்கியது.

ஒரே நிறுவனம், ஒரே காலம். முன்பதிவில் அலகு சரியாக அமைந்தது, எல்லை குறுகிவிட்டது. சரக்கில் எல்லை விரிவாக இருந்தது, அலகு பொருந்தவில்லை. முதல் பிழையோடு மக்கள் பத்தாண்டு காலம் பயன்பெற முடிந்தது. இரண்டாவது பிழை இருக்கும்வரை யாருக்கும் பலன் கிடைக்கவில்லை.

கான்செர்ட்

ஐந்து மையங்களையும் இணைக்கும் பொறுப்பு கிரிஸிடம் வந்தது. அதற்காக எழுதப்பட்ட புதிய மென்பொருள் கான்செர்ட். 1994 செப்டம்பரில் செகந்திராபாத்தில் முதலில் நிறுவப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை நிறுத்தாமல் அடியிலிருந்து மாற்றும் வேலை இது. டிக்கெட் கொடுப்பதை ஒரு வாரம் நிறுத்திவைக்க ரயில்வேயால் முடியாது. ஆகவே ஒவ்வொரு மையமாக மாற்றினார்கள்.

ஐந்து தரவுத்தளங்களையும் ஒரே பெரிய கணினியில் கொட்டிவிடுவது ஒரு வழி. கான்செர்ட் அந்த வழியில் போகவில்லை. ஒவ்வொரு மையமும் தன் ரயில்களின் கணக்கைத் தானே வைத்துக்கொண்டது. எந்த ஊர்க் கவுண்டரில் கேட்டாலும் கோரிக்கை அந்த ரயிலை வைத்திருக்கும் மையத்துக்குத் தானாகவே போய்ப் பதிலோடு திரும்பும். தில்லிக் கவுண்டரில் சென்னை–கன்னியாகுமரி ரயிலுக்கு இடம் கேட்டால் சென்னைக் கணினி பதில் சொல்லும். கேட்பவருக்கு அந்தப் பயணம் தெரியாது. இதில் ஆபத்தான கட்டம், சென்னையில் படுக்கை ஒதுக்கப்பட்ட பிறகு, தில்லியில் டிக்கெட் அச்சாவதற்குள் இணைப்பு அறுந்துவிடுவது. அந்தப் படுக்கை யாருக்கும் இல்லாமல் தொங்கிவிடும். இதைத் தடுக்க ரிலையபிள் ட்ரான்ஸாக்‌ஷன் ரவுட்டர் என்ற இடைநிலை மென்பொருள் பயன்பட்டது. இரு முனைகளிலும் வேலை முடிந்தால்தான் முடிந்ததாகக் கணக்கு. இல்லாவிட்டால் இரு முனைகளிலும் பழைய நிலை.

1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் முழுமையாக இணைந்தன. தில்லியில் சோதனை தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மையங்கள் தனித்தனியாகப் பிறந்ததன் அடையாளம் இன்றும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் இருக்கிறது. பத்து இலக்க பிஎன்ஆர் எண்ணின் முதல் இலக்கம் அந்தப் பதிவு எந்த மையத்துக்கு உரியது என்பதைக் காட்டும். தில்லி மையத்தின் பதிவுகளுக்கு 2, சென்னை மையத்துக்கு 4 என்று தொடங்குவது வழக்கம்.

கவுண்டர் வீட்டுக்குப் போன பிறகு

2002 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஐஆர்சிடிசி இணையதளம் வழியே முன்பதிவு தொடங்கியது. முதலில் டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வந்தது. 2005ல் மின்டிக்கெட் வந்தபோது காகிதமும் தேவையற்றதாயிற்று. பலர் ஐஆர்சிடிசியையும் முன்பதிவு அமைப்பையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். ஐஆர்சிடிசி ஒரு வாசல். படுக்கைகளின் கணக்கு உள்ளே கிரிஸ் நடத்தும் முன்பதிவு மையங்களில்தான் இருக்கிறது.

கவுண்டர் முனையங்கள் எண்ணிக்கையில் வரம்புக்குட்பட்டவை. எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் ஒரு நேரத்தில் கணினியைத் தொடுபவர்கள் அத்தனை எழுத்தர்கள்தான். இணையத்தில் அந்தத் தடுப்பு இல்லை. தத்கால் எனப்படும் அவசர முன்பதிவு திறக்கும் காலை நேரத்தில் நாடே ஒரே நொடியில் கதவைத் தட்டுகிறது. 2014 ஆகஸ்டில் வந்த புதிய இணைய டிக்கெட் அமைப்பு நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்ற அளவை 7,200 ஆக உயர்த்தியது. மென்பொருள் உலகில் 2001ல் வெளியான அஜைல் பிரகடனத்தைத் தொடர்ந்து சிறு சிறு மாற்றங்களாக அடிக்கடி வெளியிட்டுப் பயனர் சொல்வதைக் கேட்டுத் திருத்தும் முறைகள் உலகெங்கும் பரவின. இணைய வாசலுக்கு அது பொருத்தமான முறை. படுக்கைக் கணக்குக்கு அந்த அவசரம் ஆகாது. அங்கே ஒரு பிழை பல ஆயிரம் பேரின் பயணத்தைக் கெடுக்கும். வாசலுக்கு ஒரு வேகம், கருவறைக்கு ஒரு வேகம் என்று பிரித்து வைப்பதே இத்தகைய அமைப்புகளுக்குப் பாதுகாப்பானது.

2025 ஜூனில் ரயில்வே அமைச்சகம் முன்பதிவு அமைப்பின் அடுத்த மறுகட்டுமானத்தைப் பற்றி அறிவித்தது. பணி கிரிஸிடம் இருக்கிறது. நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் என்ற அப்போதைய திறனை ஒன்றரை லட்சத்துக்கு மேல் உயர்த்துவதும், நிமிடத்துக்கு 4 லட்சம் விசாரணைகளை 40 லட்சமாக்குவதும் இலக்கு. கோட்டாக்களும் சலுகைகளும் ஆர்ஏசியும் இந்தப் புதிய அமைப்பிலும் இருந்தாக வேண்டும். அவற்றுக்கான விதிகளைக் கணினிக்கு முதன்முதலாக வகுத்துச் சொன்ன தில்லி எழுத்தர்கள் இப்போது முதியவர்கள். அந்த நாட்களின் வடிவமைப்பு ஆவணங்களையும் அவர்களுடைய நினைவுகளையும் ரயில்வே இப்போதே திரட்டி, ஆராய்ச்சியாளர்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும்.